பரணை அறையாக்கும்போது எந்தச் சுவரை இடிக்கலாம்?

கேள்வி: எங்களுடையது சரிவுக் கூரை வேய்ந்த பழைய இரண்டு தளச் செங்கல் வீடு. கூரைக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நிற்குமளவு பரண் இருக்கிறது. அதை ஓர் அறையாக நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். தச்சு வேலையும் பூச்சு வேலையும் எனக்குக் கைவந்தவை. பரணின் இரு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் மரச்சட்டத் தடுப்பு இருக்கிறது. அதை எடுத்தால் அறை விரியும். படிக்கட்டு வைப்பதற்கு மேல்தளத்தின் நடுச்சுவரில் 3 மீட்டர் இடிக்க வேண்டும். மரத்தடுப்பைத் தட்டினால் உள்ளே வெற்றிடம்போல ஒலிக்கிறது. நடுச்சுவரோ வெறும் நாலரை அங்குலம். இரண்டுமே சுமை தாங்காதவை என்கிறார் நண்பர். இடிக்கலாமா? இடித்த பிறகு முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சுமை தாங்குபவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சுவரைத் தட்டிப் பார்த்து முடிவு சொல்பவர்களை எல்லா வேலையிடங்களிலும் பார்க்கலாம். ஒலி சொல்வது சுவர் எதனால் ஆனது என்பதை மட்டுமே. மரச்சட்டத் தடுப்பு பாதிக் கூரையைச் சுமந்துகொண்டு நிற்கலாம். தடித்த செங்கல் சுவர் எதையும் சுமக்காமல் சும்மா நிற்கலாம். தடிமனும் ஓர் அத்தாட்சி அல்ல. பழைய வீடுகளில் நாலரை அங்குலச் சுவர்கள் மேலே உள்ள மரக்கட்டைகளைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கி வருகின்றன.

சுவரை விட்டுவிட்டுச் சுமையைப் பாருங்கள். அது எங்கே தொடங்கி, எதன் வழியாக இறங்கி, எந்த அஸ்திவாரத்தில் போய்ச் சேருகிறது? இதற்குத் தேவை ஒரு டார்ச் விளக்கும் அளவு நாடாவும்தான். பரணில் ஏறி, நடுச்சுவருக்கு நேர் மேலே போய் நில்லுங்கள். தூசியையும் வெப்பத்தடுப்புப் பஞ்சையும் விலக்கினால் மேல்தளக் கூரைப்பலகையைத் தாங்கும் கட்டைகள் தெரியும். அவை சுவருக்குக் குறுக்காக ஓடினால், அது சுமை தாங்கும் சுவர் என்ற சந்தேகம் வலுக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் வரும் கட்டைகள் சுவரின் தலையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டி முடிந்து, ஆணியால் பிணைக்கப்பட்டிருந்தால் அது சுமை தாங்கும் சுவரேதான். அந்தச் சுவரை எடுத்தால் இரு பக்கக் கட்டைகளும் அந்தரத்தில் நிற்கும். கூரையிலிருந்து சாய்வாக இறங்கும் முட்டுக்கட்டையோ தண்ணீர்த் தொட்டியோ சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்ததாகக் கீழே இறங்குங்கள். மேல்தள நடுச்சுவருக்கு நேர் கீழே தரைத்தளத்திலும் சுவர் இருக்கிறதா? வெளிச்சுவரிலிருந்து இரண்டு தளங்களிலும் அளந்து ஒப்பிடுங்கள், கண்மதிப்பு ஏமாற்றும். முன்பு இருந்தவர் கூடத்தை விரிக்கக் கீழ்ச்சுவரை எடுத்துவிட்டு, ஓர் உத்தரத்தைப் போட்டு மறைத்திருக்கலாம். அந்த உத்தரம் பழைய சுமைக்குப் போடப்பட்டது, உங்கள் புது அறைக்கு அல்ல.

பரண் மாற்றத்தில் பலர் கவனிக்காத இடம் இதுதான்: தாங்கலைக் குறைக்கும் அதே நாளில் சுமையையும் கூட்டுகிறீர்கள். ஒரு தோராயக் கணக்கு போடுவோம். வீட்டின் அகலம் 6 மீட்டர், நடுச்சுவர் சரியாக நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சுவரின் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் வீதம், 3 மீட்டர் அகலத் தளத்தின் எடை அதன்மேல் வருகிறது. நீங்கள் இடிக்க நினைக்கும் 3 மீட்டர் நீளத்துக்கு மேல் 9 சதுர மீட்டர். இன்று அங்கே இருப்பது கூரைப்பலகையும் சில பெட்டிகளும். சதுர மீட்டருக்கு 50 கிலோ என்றால் மொத்தம் 450 கிலோ. நாளை அது மனிதர்கள் புழங்கும் அறை. வீட்டு அறைத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை என்பது பல நாட்டுக் கட்டட விதிகளில் காணும் அளவு. தளத்தின் சொந்த எடையையும் சேர்த்து 250 கிலோ என்று கொண்டால் 2,250 கிலோ. ஐந்து மடங்கு! கூரையின் முட்டுக்கட்டைகள் வழியே இறங்கும் எடை இதில் சேரவில்லை.

‘சுவரை எடுத்துவிட்டு, கட்டைகளைச் சற்றுத் தடிமனாகப் போட்டுச் சமாளிக்கலாம்’ என்று அடுத்த யோசனை வரும். தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் கட்டையில் வளைவு விசை நான்கு மடங்காகும், தொய்வு பதினாறு மடங்காகும். உடையாவிட்டாலும் நடக்கும்போது தளம் ஆடும், கீழே பூச்சு வெடிக்கும்.

மரத்தடுப்புக்கு வருவோம். கூரையின் கைமரங்கள் அதன் உச்சியான மோட்டிலிருந்து வெளிச்சுவர் வரை சரிந்து இறங்குகின்றன. உங்கள் இடுப்பளவுத் தடுப்பு அவற்றின் நடுவயிற்றில் போய் முட்டுகிறதா, அதன் தலையில் கிடக்கும் நீள மரத்தின் மேல் கைமரங்கள் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆம் எனில் அது தடுப்பு அல்ல, கூரையின் கால். தடுப்புக்கும் கைமரத்துக்கும் இடையே ஒரு காகிதத்தைத் தடையின்றி நுழைக்க முடிந்தால், பிற்பாடு யாரோ மறைப்புக்காக வைத்தது என்று நினைக்கலாம். அப்போதும் நினைக்கத்தான் முடியும், முடிவு கட்ட முடியாது. சுமை தாங்காமல் பிறந்த தடுப்புகூட, மேலே உள்ள மரங்கள் காலப்போக்கில் தொய்ந்து அதன்மேல் உட்கார்ந்தபின் சுமை தாங்கியாக மாறியிருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் கூடுதல். கைமரங்கள் கீழ்நோக்கி மட்டுமல்ல, வெளிநோக்கியும் தள்ளுகின்றன. எதிரெதிர்க் கைமரங்களின் அடிமுனைகளை இழுத்துப் பிடித்திருப்பவை நீங்கள் பார்க்கும் அந்தத் தளக்கட்டைகளே. மடக்கு ஏணியின் இரு கால்களையும் பிணைக்கும் கயிறு செய்யும் வேலை அது. படிக்கட்டுக்கு வழி விட நாலைந்து கட்டைகளை வரிசையாக அறுத்தால் கூரை அன்றைக்கே விழாது. வெளிச்சுவரின் தலை மெல்ல மெல்ல வெளியே சாயும், மோடு தொய்யும், சுவருக்கும் கூரைப்பலகைக்கும் நடுவே இடைவெளி திறக்கும். ஆகவே படிக்கட்டுக்கான துளையின் நீண்ட பக்கம் கட்டைகள் ஓடும் திசையிலேயே இருக்கட்டும். அறுபடும் ஒவ்வொரு கட்டைக்கும் குறுக்குக் கட்டையும், துளையின் ஓரங்களில் இரட்டைக் கட்டையும் வேண்டும். அறுபட்ட இழுவைப் பிடிப்புக்கு மாற்று என்ன என்பதைப் பொறியாளர் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

உங்கள் கூரை, மெல்லிய மரங்களைப் பல் வைத்த தகரத் தகடுகளால் இணைத்துத் தொழிற்சாலையில் செய்த முக்கோணச் சட்டங்களால் ஆனது என்றால், அதாவது 1950-களில் தொடங்கிப் பரவிய முறை என்றால், எதையும் அறுக்காதீர்கள். அதில் வீணான மரம் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் பழைய வீடு என்று சொல்வதால் அப்படி இருக்காது என நினைக்கிறேன். ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, எதை நீங்களே செய்யலாம்? பூச்சை உரித்துச் சுவரின் தலையைத் திறந்து காட்டுவது, வெப்பத்தடுப்பு, ஜிப்சம் பலகை, தளப்பலகை, அளவெடுத்து வரைவது எல்லாம் உங்களுடையவை. கணக்கும் உத்தரமும் கட்டமைப்புப் பொறியாளருடையவை. அவர் வரும் முன்பே கட்டைகளைத் திறந்து வைத்தால் ஒரே வருகையில் வேலை முடியும். உள்ளாட்சி அனுமதியையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரத்தின் முனை பக்கத்து வீட்டாருடன் பொதுவான சுவரில் அமர்வதாக இருந்தால், வேலைக்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள்.

உத்தரம் போடும் நாளில் வரிசை மாறக்கூடாது. முதலில் முட்டு, பிறகு உத்தரம், கடைசியில்தான் அதன் கீழுள்ள சுவரை இடிப்பது. முட்டு சுவரின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். மேல்தளத்தின் தரைப்பலகை மேல் முட்டுகளை நிறுத்திவிட்டுத் திருப்தியடைபவர்கள் உண்டு. அது சுமையைச் சுவரிலிருந்து எடுத்துப் பலகையின் நடுவில் வைப்பதுதான். தரைத்தளத்திலும் நேர் கீழே இன்னொரு முட்டு, அதன் அடியில் அகலப் பலகை, அதற்கும் கீழே உறுதியான தரை என்று தொடர வேண்டும். செங்கற்களைக் கையுளியால் ஒவ்வொன்றாக எடுங்கள். உடைப்பு இயந்திரத்தின் அதிர்வு மீதிச் சுவரையும் தளர்த்திவிடும்.

உத்தரத்தின் முனை நேரடியாகச் செங்கலில் உட்காரக்கூடாது. நம் கணக்கில் ஒவ்வொரு முனையிலும் 1,125 கிலோ இறங்குகிறது. நாலரை அங்குலச் சுவரில் முனை அமரும் 15 சென்டிமீட்டர் நீளம் என்பது ஓர் உள்ளங்கை அளவு. பழைய சாந்து அங்கே நசுங்கலாம். சுமையைப் பரப்ப அடியில் கான்கிரீட் கட்டை வேண்டும், அதன் அளவையும் பொறியாளரே தருவார். எடையையும் மறவாதீர்கள். மீட்டருக்கு 23 கிலோ உள்ள இரும்பு உத்தரம் மூன்றரை மீட்டர் என்றால் 80 கிலோ; தலைக்கு மேல் தூக்க இரண்டு பேர் போதாது. இரும்பு சுமார் 600 டிகிரி வெப்பத்தில் பாதி வலுவை இழப்பதால், தீத்தடுப்பு உறை இல்லாமல் அதை மூடக்கூடாது.

முட்டு எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். உத்தரத்துக்கும் மேலே உள்ள கட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, ஈரம் குறைந்த சிமென்ட் சாந்தால் ஒன்றுக்கு மூன்று விகிதத்தில் இறுக இடித்து நிரப்பிய பிறகு குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கூடுதலாக. எடுக்கும்போது எல்லா முட்டுகளையும் ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்துங்கள், ஒன்றை முழுவதும் எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மயிரிழை விரிசல்கள் வரும், அவை இயல்பு. விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தாலோ, கீழே உள்ள கதவு திடீரென இறுகினாலோ முட்டுகளை மறுபடி ஏற்றிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.