பாலை விட்டாச்சு, இனி யாரிடம் கேட்பது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று, பால் எதுவும் எடுக்காமல் சத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைப் பற்றியவை. முதல் கடிதத்தில் அவசரமான ஒரு விஷயம் இருப்பதால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், எனக்கு 34 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே சைவம். மாடுகள் படும் பாட்டைப் பற்றிப் படித்த பிறகு பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை, ஒரு வருடம் ஆகப்போகிறது. கொஞ்ச நாளாக உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, மதியத்துக்கு மேல் தாங்க முடியாத அசதி. டாக்டரிடம் போனால் "பால் குடிங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். தெரிந்த அக்கா ஒருவர் நியூட்ரிஷன் கோச் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு பவுடர் டப்பாவையும், பாதாம் பால், சாலட் என்று அச்சடித்த சார்ட்டையும் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். மாமியார் ஒரு டம்ளர் மோராவது குடி என்று தினமும் கெஞ்சுகிறார். எனக்குப் பாலுக்குத் திரும்ப மனசில்லை. முறையாகப் படித்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டயட்டீஷியனை, அதாவது உணவியல் நிபுணரை, தேடுவது அடுத்த வேலை. முதலில் இந்த வாரத்திலேயே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், பழைய டாக்டர் காது கொடுக்காவிட்டால் வேறொருவரை. உள்ளங்காலில் ஊசி குத்துவதும் அசதியும் சேர்ந்து வந்தால், சைவர்களுக்குப் பாலிலிருந்து கிடைக்கும் பி12 வைட்டமின் குறைபாடா என்று பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை, தைராய்டு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம், அதையும் அவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். முழு ரத்தப் பரிசோதனை, பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, டி.எஸ்.ஹெச் (தைராய்டு), சர்க்கரை, இவ்வளவும் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அதுவரை மருந்துக்கடையில் சத்து மாத்திரை எதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் பி12 மாத்திரை போட்டுவிட்டால் ரிப்போர்ட்டில் அளவு ஏறித் தெரியும், உடம்பில் உண்மையில் என்ன நிலைமை என்று யாருக்கும் புரியாமல் போய்விடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகப் போடுவது இன்னும் மோசம், ஏனென்றால் ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்பு கெடுவது மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். நரம்புப் பாதிப்பைச் சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகும், தள்ளிப்போட்டால் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாலை விட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லையே, அதற்குள்ளாகவா என்று தோன்றும். பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும், நல்ல சேமிப்பு இருப்பவருக்கு அது தீரவே சில வருடம் ஆகும். ஆனால் பிறந்ததிலிருந்து சைவமாக இருந்து, காபியில் கொஞ்சம் பால், மத்தியானம் கொஞ்சம் மோர் என்றே வாழ்ந்த நம் பெண்களுக்கு அந்தச் சேமிப்பு ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருப்பது சகஜம். பாலை நிறுத்தியது கடைசித் தள்ளல் மட்டும்தான். மாமியார் சொல்லும் ஒரு டம்ளர் மோரும் இப்போது இருக்கும் பள்ளத்தை நிரப்பப் போதாது, அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். குறைபாடு உறுதியானால் ஊசியா, மாத்திரையா, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பிறகு வாழ்நாள் முழுக்க பி12 மாத்திரை உண்டு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது, கழுவாத கீரையில் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள், இவை எதையும் நம்பி நரம்பை அடகு வைக்க முடியாது. ஸ்பைருலினாவில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்தான். ஒரு நாளைக்குத் தேவை என்னவோ இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால் ஒரே நேரத்தில் குடல் முறையாக உறிஞ்சுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதற்கு மேல் போடுவதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். தினமும் போட்டால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2,000 மைக்ரோகிராம் என்று இரண்டு கணக்கு சொல்வது இதனால்தான். இது குறைபாடு இல்லாதவர்களுக்கான பராமரிப்பு அளவு, உங்களுக்கு இப்போது பொருந்தாது.

சரி, டயட்டீஷியன் விஷயத்துக்கு வருவோம். நியூட்ரிஷனிஸ்ட், வெல்னஸ் கோச் என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது, சில வாரப் பயிற்சியோடு உட்கார்ந்தவர்களும் உண்டு. உணவு மற்றும் ஊட்டச்சத்து அல்லது உணவியலில் பட்டமோ எம்.எஸ்ஸி.யோ முடித்து, மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். இந்தியன் டயட்டிக் அசோசியேஷன் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) என்று போடுவார்கள், பதிவு எண்ணும் இருக்கும். அதைக் கேளுங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். 2021-இல் வந்த இணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்திலும் டயட்டீஷியன் தொழில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் பக்கத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது, அவினாசிலிங்கம் போன்ற கல்லூரிகளில் இந்தப் படிப்பு படித்தவர்கள் கொங்கு நாட்டு மருத்துவமனைகளில் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் உணவியல் பிரிவுக்குப் போன் செய்து, வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆலோசனை உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்டாலே ஆரம்பித்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு போட்டு மருத்துவரைப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் டயட்டீஷியனிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

போகும்போது ரத்த ரிப்போர்ட்டுகளோடு, மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு போங்கள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஏனென்றால் வேலை நாளில் டிபன் பாக்ஸில் போவதும் ஞாயிறு வீட்டில் சாப்பிடுவதும் ஒன்றாக இருக்காது. கிராம் கணக்கெல்லாம் வேண்டாம், உங்கள் வீட்டு டம்ளர், குழம்புக் கரண்டி, இட்லி எண்ணிக்கை போதும். அழகாகக் காட்டுவதற்காக எழுதாதீர்கள். நாலு மணிக்கு டீக்கடையில் சாப்பிட்ட பஜ்ஜி, பசிக்காததால் விட்டுவிட்ட காலைச் சாப்பாடு எல்லாம் இருக்க வேண்டும். போடும் மருந்துகளின் பெயரையும் எழுதுங்கள். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் நாள்பட எடுக்கும் அசிடிட்டி மாத்திரைகளும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாதவிடாய் அதிகமா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இரும்புக் கணக்கே அதில்தான் மாறும்.

நல்ல டயட்டீஷியன் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகமாக இருக்கும். வீட்டில் யார் சமைக்கிறார்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் கீரை வாங்க முடியும், மாத பட்ஜெட் என்ன என்றெல்லாம் விசாரிப்பார். பிறகு உங்கள் அடுக்களைக்குள்ளேயே விடை தேடுவார். கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு மேசைக்கரண்டி கறுப்பு எள்ளில் சுமார் 100 வரும், அப்புறம் முருங்கைக்கீரை. பசலையில் கால்சியம் இருந்தாலும் அதிலேயே உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அதைக் கால்சியம் கணக்கில் சேர்க்க மாட்டார். பெண்களுக்கு இரும்பு 29 மில்லிகிராம் வேண்டும், அது பருப்பு, பயறு, கீரையிலிருந்து வர வேண்டும் என்றால் சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்க வேண்டும், டீ காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். ஊற வைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது எல்லாமே இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேர உதவும். இட்லி மாவு ஆட்டும் வீட்டில் இது ஏற்கெனவே நடக்கிறது, உங்கள் சார்ட்டில் அதற்கு இடமே இல்லாமல் பாதாம் பாலும் சாலட்டும் எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம். வீட்டில் அடிக்கும் பாதாம் பாலில் புரதமும் கால்சியமும் பசும்பாலோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம்தான்.

ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்காமலே சார்ட் கொடுப்பவர், தன்னிடமே பவுடர் வாங்கச் சொல்பவர், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்பவர், இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருபவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். படித்தவராகவே இருந்தும் பால் குடித்தால்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், "பால் எடுப்பதில்லை என்பது என் முடிவு, அதற்குள் எனக்கு என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பலர் இறங்கி வருவார்கள், வராதவரை விட்டு வேறொருவரைப் பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து ரத்தத்தைத் திரும்பப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றித் தருகிறாரா என்பதும் முக்கியம், ஒரே நாளில் முடிகிற ஆலோசனை பாதி ஆலோசனைதான்.

கேள்வி: அக்கா, சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரி படிக்கிறேன், ஜிம் போகிறேன், எடை 65 கிலோ. முட்டை, பால் இல்லாமல் புரதம் எப்படி? டயட்டீஷியனுக்குக் கொடுக்கக் காசில்லை.

பதில்: தம்பி, சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம், உங்களுக்கு 54 கிராம் வரும். எடை தூக்கிப் பயிற்சி செய்வதால் 80, 90 வரை போகலாம். விடுதி சாம்பாரில் பருப்பு குறைவு, அதை நம்பாதீர்கள். 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 15 கிராம் புரதம் இருக்கிறது, அறையில் எலக்ட்ரிக் கெட்டில் அனுமதி உண்டென்றால் வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்து மெஸ் குழம்பில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். ராத்திரி ஊற வைத்த பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, சாயங்காலம் சுண்டல், இவ்வளவிலேயே பெரும்பகுதி வந்துவிடும், மீதி சோற்றிலும் சப்பாத்தியிலும் இருக்கிறது. பி12 உங்களுக்கும் கட்டாயம். காசைப் பற்றிச் சொன்னீர்கள். சென்னையில் அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் எல்லாம் இருக்கின்றன, ஒரு நாள் காலையைச் செலவழித்தால் போதும். உணவியல் துறை உள்ள கல்லூரிகளிலும் மாணவர்கள் பயிற்சிக்காக ஆலோசனை முகாம் நடத்துவதுண்டு, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: நான்காவது மாதம் கர்ப்பமாக இருக்கிறேன். நானும் கணவரும் வீகன், பால், முட்டை எதுவும் எடுப்பதில்லை. குழந்தையையும் அப்படியே வளர்க்க ஆசை. வீட்டில் பெரிய சண்டையாக இருக்கிறது. செய்யலாமா? மதுரை.

பதில்: ஆசையைக் குறை சொல்லமாட்டேன் அம்மா, ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். அமெரிக்க உணவியல் நிபுணர்களின் அமைப்பு 2016-இல், திட்டமிட்ட வீகன் உணவு கர்ப்பம் உட்பட எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றது. 2025-இல் வெளியிட்ட புதிய நிலைப்பாட்டில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் அல்லாத பெரியவர்களைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார்கள். ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகமும் 2024-இல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், போதிய ஆய்வு இல்லை என்று நிறுத்தி, செய்பவர்கள் நிபுணரின் ஆலோசனையோடு செய்யுங்கள் என்றது. நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பால், முட்டை எதுவும் எடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், மறைப்பதுதான் ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் இருக்கின்றன, பி12 கிடையாது. நிறையப் பேர் அதில் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி12, வைட்டமின் டி, அயோடின், டி.ஹெச்.ஏ. (ஒமேகா-3 கொழுப்பு) நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டி.ஹெச்.ஏ. கடல்பாசியிலிருந்து எடுத்ததாகவே கிடைக்கிறது. அயோடின் விஷயத்தில் இந்துப்பு, கல்லுப்பு என்று மாறாமல் அயோடின் சேர்த்த உப்பே இருக்கட்டும். தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தை சோர்ந்து போவது, தலை நிற்பது தாமதமாவது, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விடுவது, உடல் நடுங்குவது எல்லாம் அதனால் வரலாம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அது போதாத நிலை வந்தால் குழந்தை மருத்துவர் எழுதித் தரும் ஃபார்முலாதான், சோயாவில் செய்த குழந்தை ஃபார்முலாவும் உண்டு. வீட்டில் அடித்த பாதாம் பால், தேங்காய்ப்பால், கடையில் விற்கும் ஓட்ஸ் பால் எதையும் முதல் வயதில் அதற்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. வீட்டுச் சண்டைக்கு ஒரு வழி சொல்கிறேன், அடுத்த முறை டயட்டீஷியனிடம் போகும்போது உங்கள் அம்மாவையோ மாமியாரையோ கூடவே கூட்டிப்போங்கள். அவர்களுடைய பயத்தை அவர்களே அங்கே கேட்கட்டும், பதிலையும் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும். குழந்தை பிறந்த பிறகு கூழ் காய்ச்சிக் கொடுக்கப் போவதும் பெரும்பாலும் அவர்கள்தானே.