வீட்டில் கட்டும் அலுமினிய விமானத்தில் துளை தவறிப் போனால் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிய வேண்டுமா?

வால் சிறகின் ஸ்பாரில், அதாவது சிறகைத் தாங்கும் நீள உத்தரத்தில், ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) துளை கோணலாகிவிட்டது, எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் கேரேஜில் தனியாக நின்று அதைச் செய்திருப்பீர்கள். ஒருமுறை சரிசெய்யவும் பார்த்திருப்பீர்கள், அதில் துளை இன்னும் பெரிதாகியிருக்கும். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் ட்ரில்லைக் கீழே வையுங்கள். இன்றைக்கு அந்தத் தகட்டை மறுபடி தொடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் துளையில் இல்லை, துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கிறது. துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை, ரிவெட்டின் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேடு சொல்லும் கணக்கு இது. 1/8 அங்குல ரிவெட்டுக்கு 6.35 மி.மீ., அடுத்த அளவான 5/32 அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 மி.மீ. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் கரூர்க்காரன். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடித்தவர். அலுமினியமும் ரிவெட்டும் பார்த்து வளர்ந்தவன் என்ற தெம்பில்தான் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆர்வி-7 என்ற விமானத்தின் கிட்டை, அதாவது வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பை, வாங்கிப் பிரித்தேன். நிமிர்ந்த வால் சிறகின் பின் ஸ்பாரில் வலுவுக்காக இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். ஒரு ரிவெட் சற்றே சாய்ந்து மடங்கியது. அளந்திருந்தால் விட்டிருப்பேன். அடித்த தலை, அதாவது அடித்ததில் நசுங்கிப் பரந்த முனை, ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருந்தால் போதும், அதாவது 1/8 ரிவெட்டுக்கு ஏறத்தாழ 4.8 மி.மீ., 1.6 மி.மீ. நான் அளக்கவில்லை. பார்க்க அழகாக இல்லை என்று கழற்றத் தொடங்கினேன்.

பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்திருந்த மனைவி, “நேரமாகிவிட்டது, விட்டுவிடுங்கள், காலையில் பார்க்கலாம்” என்றாள். நான் கேட்கவில்லை. ட்ரில் சாய்ந்தது, துளை முட்டை வடிவமாகியது. பெரிய ரிவெட் போட்டால் சரியாகிவிடும் என்று 5/32-க்கு விரித்தேன். விரித்ததில் மையமே விளிம்பை நோக்கி நகர்ந்து 6.5 மி.மீ. ஆனது. சிறிய ரிவெட்டுக்குப் போதுமான இடம் பெரியதற்குப் போதாமல் போயிற்று. அதையும் அடித்து முடித்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு உதவும் இ.ஏ.ஏ. சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் வந்தார். அவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்குவதில்லை. நீங்கள் இன்னும் யாரையும் அழைக்கவில்லை என்றால் இந்த வாரமே அழையுங்கள். அவர் எதுவும் பேசாமல் அந்த ஒரு ரிவெட்டின் மேல் அளவுகோலை வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. புதிய ஸ்பார் வரவழைத்து, அடித்த ரிவெட்டுகள் அனைத்தையும் கழற்றினேன். முதல் ரிவெட்டை அப்படியே விட்டிருந்தால் இதில் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கழற்றத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஏடி வகை (ஒருவகை அலுமினியக் கலவை) ரிவெட்டில், நசுங்காத பக்கத்துத் தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். ட்ரில் முனையை அதில் நிறுத்தி, முதலில் கையால் சுற்றி இடம் பிடிக்கவிடுங்கள். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையுங்கள், தகடு வரை போகவே கூடாது. துளைக்குள் பஞ்ச் என்ற எஃகுக் கம்பியை நுழைத்துச் சாய்த்தால் தலை முறிந்து வரும். மிச்சத் தண்டை வெளியே தட்டும்போது பின்பக்கம் தகட்டைத் தாங்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் தகடு வளையும். மெல்லிய தகடாக இருந்தால் தட்டாதீர்கள். தண்டைச் சிறிய பிட்டால் குடைந்து இடுக்கியால் இழுத்துவிடலாம்.

விமானத்தின் வெளித்தோல் தகட்டில் 3/32 அங்குலத் துளை சற்றுப் பெரிதாகிவிட்டால் அதற்கு என்.ஏ.எஸ். 1097 ரிவெட் இருக்கிறது. தண்டு 1/8, தலை மட்டும் சிறியது, பழைய ரிவெட்டின் தலைக்காக ஏற்கெனவே அழுத்திய குழிவில் ஏறக்குறைய அப்படியே உட்காரும். எட்டு என்ற எண்ணைப்போல் இரட்டைத் துளை விழுந்திருந்தால் எதையும் அடைக்காதீர்கள். அளவுகோலோடு படமெடுத்துக் கிட் நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருங்கள். தோலில் விழுந்த சிறு பள்ளத்தைப் பெரும்பாலும் அப்படியே விடலாம். ஆனால் எலிவேட்டர், ரடர் போன்ற அசையும் பரப்புகளில் பள்ளத்தைப் பூச்சால் நிரப்பாதீர்கள். கீலுக்குப் பின்னால் எடை கூடினால் சமநிலை மாறும், வேகத்தில் அந்தப் பரப்பு படபடக்கத் தொடங்கினால் நொடிகளில் பிய்ந்துவிடும். அலுமினியத்தில் சாதாரணப் பென்சிலாலும் குறிக்காதீர்கள். அதன் கிராஃபைட் ஈரத்தில் அரிப்பை உண்டாக்கும்.

“நீ என்ன சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கா” என்று இங்கே யாராவது கேட்பார்கள். இல்லை. என் விமானத்துக்கு மட்டும் ஆண்டு ஆய்வு செய்துகொள்ளும் ரிப்பேர்மேன் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது, உங்கள் விமானத்துக்கு அது செல்லாது. அதனால்தான் திரும்பத் திரும்ப ஆலோசகரையும் கிட் நிறுவனத்தையும் கேட்கச் சொல்கிறேன். பயந்து பயந்து கட்டினால் பறப்பது எப்போது என்று சொல்பவர்களும் உண்டு. என் விமானம் பறக்கிறது, அதில் என் மகள் உட்காருகிறாள். அந்த ஸ்பாரை மாற்றியதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் படித்த கல்லூரியில் முதலாண்டுப் பட்டறை வகுப்பில் தகரத்தில் ஒரு தட்டு செய்ய வேண்டும். நான் செய்த தட்டின் ஒரு மூலை பொருந்தவில்லை, மதிப்பெண் குறைந்தது. சீனியர் செய்ததை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தவனுக்கு முழு மதிப்பெண். மூலை ஏன் பொருந்தவில்லை என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. விடுமுறையில் அப்பாவிடம் காட்டினேன். மடிப்புக்குத் தகடு எவ்வளவு எடுக்கும் என்று நான் கணக்கில் விட்டிருந்ததை ஐந்தே நிமிடத்தில் புரியவைத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் சொந்தத்திலேயே அவரைத் தகரக்காரர் என்று குறைத்துப் பேசினார்கள். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஸ்பாரை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானாலும் பழையதை எறியாதீர்கள். பழைய ஸ்பாரில் நாற்பது ரிவெட் அடித்து, நாற்பதையும் துளை கெடாமல் கழற்றிப் பழகிய பிறகுதான் நான் புதியதில் கை வைத்தேன். நாளைக் காலை வெளிச்சத்தில், உங்கள் துளையின் மையம் விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள்.