தூங்க வைப்பதற்கா இவ்வளவு படிப்பு?

அன்புள்ள டாக்டருக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். மேலே மயக்கவியல்தான், அதுவும் குழந்தைகளுக்கு என்று பிடிவாதமாக இருக்கிறாள். 'ஊசி போட்டுத் தூங்க வைக்கவா இவ்வளவு படிப்பு?' என்று வீட்டில் பேச்சு. அதே துறையில் இருந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் எடுத்ததும் ஊசி போடுவதில்லை. மாஸ்க் வைத்து செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தை மூச்சோடு அனுப்புவோம்; தூங்கிய பிறகுதான் ஊசி. கைக்குழந்தைக்கு எடைக்கு எடை நம்மைவிட இரு மடங்கு ஆக்ஸிஜன் வேண்டும், நுரையீரலில் இருப்போ குறைவு. மூச்சு கொஞ்சம் தடைப்பட்டாலும் மளமளவென்று நீலம் பாரித்துவிடும். படிப்பு அதற்குத்தான்.

இன்னொரு வேலையும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குச் சிகிச்சை 2, 3 ஆண்டுகள் ஓடும். வின்கிரிஸ்டின் மாதிரி மருந்து ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதை புண்ணாகிவிடும். கையிலேயே மாற்றி மாற்றிக் குத்தினால் ஒரு கட்டத்தில் நர்ஸ், "நரம்பு கிடைக்கலை சார்" என்று வந்து நிற்பார். அதனால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, மறுமுனையை நெஞ்சுத் தோலுக்கடியில் போர்ட்டோடு, அதாவது ஊசி குத்தி மருந்து ஏற்றும் சின்ன டப்பாவோடு, இணைத்துவிடுவோம். ஊசி குத்தாத நாட்களில் பிள்ளை குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். பல ஆஸ்பத்திரிகளில் இதை அறுவை மருத்துவர் செய்வார். நான் இருந்த இடத்தில் எங்கள் பொறுப்பு.

குழாய் போடக் கை பழகிவிடும். எந்த ரத்தக்குழாயை இன்று தொடாமல் விடுவது என்பதுதான் கஷ்டம். குடல் வேலை செய்யாமல் ரத்தம் வழியாகவே சத்து ஏற்றப்படும் குழந்தைக்குப் பல வருடங்கள் குழாய் தேவைப்படலாம். பெரிய ரத்தக்குழாய்களோ எண்ணிச் சில. அவசரத்தில் ஒன்றைக் கெடுத்தால் பிறகு வருகிறவர் தவிப்பார்.

மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம். குழாய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, குழாயில் மருந்து ஏற்றியதும் குளிர்நடுக்கம் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்க வண்டி பிடிக்க வேண்டும். குளிரில் நடுங்குகிறான் என்று கம்பளி போர்த்திவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

சரி, உங்கள் மகள். எம்.டி. 3 ஆண்டு, அப்புறம் குழந்தைகள் மயக்கவியலில் தனிப் பயிற்சி. பெற்றோர் எங்களை மாஸ்க்கோடு ஐந்து நிமிடம் பார்ப்பதோடு சரி; பேர் வாங்கும் ஆசை இருந்தால் சிரமம். பயிற்சிக்குச் சேரும் முன், அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் குழாயைப் போடுவது யார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.