எச்-1பி-யில் இருப்பவர் ஃபெசன்ட் வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: மினசோட்டாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒன்றரை வயது ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் நாய் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அக்டோபரில் ஃபெசன்ட் (கோழி இனத்துக் காட்டுப் பறவை) வேட்டைக்குக் கூப்பிடுகிறார். "துப்பாக்கி என்னிடம் இருக்கிறது, நீ நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்" என்கிறார். ஆபீஸ் நண்பர்களோ எச்-1பி-காரர் துப்பாக்கியைத் தொட்டாலே நாடு கடத்திவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். யார் சொல்வது சரி? நாயை ஆறு வாரம் பயிற்சிக்கு விட்டால் இந்த சீசனுக்கே தயார் செய்து தருவதாக ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டு பேருமே பாதிதான் சரி. பெரியவர் சொன்னபடி அப்படியே கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நண்பர்கள் பேச்சைக் கேட்டால் நாய் சோபாவிலேயே கிழடாகிவிடும். நீங்கள் போகலாம். ஆனால் துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு காகிதம் வர வேண்டும்.

நண்பர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றால், அமெரிக்க மத்தியச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 922-ல் (ஜி)(5)(பி) என்று ஒரு வரி இருக்கிறது. நிரந்தரமாகக் குடியேறுவதற்கல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்கி வைத்திருப்பது மட்டுமல்ல, இரவல் வாங்கிக் கையில் பிடிப்பதும்தான். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்றுபோன ஒருவர் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டதில். இந்தக் குற்றத்துக்கு 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. அதைவிட உங்களுக்கு முக்கியமானது, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவதே நாடு கடத்தலுக்குத் தனிக் காரணம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். அதை நம்பி உட்கார்ந்தால் நாய்க்கு ஆயுள் போதாது.

சரி, விதிவிலக்குக்கு வருவோம். அதே 922-ல், எழுத்து வரிசையின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், (ஒய்)(2) என்று ஒன்று இருக்கிறது. (ஜி)-யில் வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொல்லைப்புறத்தில் ஒளித்து வைத்த மாதிரி. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை லைசன்ஸ் உங்களிடம் இருந்தால் (ஜி)(5)(பி) தடை உங்களுக்கு இல்லை. 15 வருடச் சிறைக்கும் சட்டப்படியான ஒரு சனிக்கிழமைக்கும் நடுவே நிற்பது இருபது டாலர் சொச்சத்துக்கு வாங்கும் ஒரு சீட்டு. இதைச் சட்டமியற்றியவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருடம் இதைப் படித்தும் எனக்கு விளங்கவில்லை.

இந்த விதிவிலக்கைத்தான் நம்மவர்கள் விதவிதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மீன்பிடி லைசன்ஸ் செல்லாது. கோடையில் ஏரியில் தூண்டில் போட வாங்கினீர்களே, அதைக் காட்டி ஒன்றும் ஆகாது. "போன வருடம் வாங்கினேன், இன்னும் பர்ஸில் இருக்கிறது" என்பதும் செல்லாது. காலாவதியாகாத லைசன்ஸாக இருக்க வேண்டும். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும், பெரியவரின் லைசன்ஸ் உங்களைக் காப்பாற்றாது. மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் இல்லாமல் துப்பாக்கி வேட்டை லைசன்ஸ் கிடைப்பது கடினம். ஆகவே முதலில் வகுப்பு, பிறகு சிறு விலங்கு வேட்டைக்கான லைசன்ஸ், அதன்மேல் ஃபெசன்ட் சுட அனுமதிக்கும் முத்திரை. மூன்றையும் மாநில இயற்கை வளத் துறை வழியாக நீங்களே முடித்துக்கொள்ளலாம். "எச்-1பி-காரர்களுக்கு ஸ்பெஷலாக வாங்கித் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அப்படி ஸ்பெஷல் லைசன்ஸ் எதுவும் கிடையாது. வாங்கியதும் அச்செடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். வயல்வெளியில் போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

இனிதான் உண்மையான பொறி. மினசோட்டாவில் வேட்டை லைசன்ஸின் ஆண்டு மார்ச் 1-ல் தொடங்கி பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. ஃபெசன்ட் சீசன் அதற்கு முன்பே முடிந்துவிடும், துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆள் மறந்துவிடுவார். மார்ச் 1 காலையில் தூங்கி எழும்போது, எந்தப் பாவமும் செய்யாமலேயே, மத்தியச் சட்டப்படி குற்றவாளி. யாரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள். அதனால் முதல் இரண்டு சீசன் சொந்தத் துப்பாக்கியே வேண்டாம். பெரியவருடையதை வாங்கிச் சுட்டுவிட்டு மாலையில் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். தோட்டாவும் இதே தடைக்குள் வருகிறது. வேட்டை ஜாக்கெட்டின் உள்பையில் ஒரு 20 கேஜ் தோட்டா எப்போதும் தங்கிவிடும், அது அந்த ஜாக்கெட்டின் குணம். சீசன் முடிந்ததும் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வேட்டைக்குக் கொண்டுபோன பேக்பேக்கை ஊருக்குப் போகும்போது விமானத்தில் கைப்பையாகத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. இந்திய விமான நிலையத்தில் பையில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. லைசன்ஸ், ஃபெசன்ட் என்று அங்கே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பிற்பாடு சொந்தமாக வாங்கினால், மனைவி எச்-4-ல் இருந்து அவருக்கு வேட்டை லைசன்ஸ் இல்லை என்றால் துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவருக்குக் கிடைக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. எடுக்கும் வசதி இருந்தாலே வைத்திருந்ததாகப் பார்க்க இடமிருக்கிறது. குடியுரிமை உள்ள நண்பர் பெயரில் உங்கள் காசில் வாங்கிக்கொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே நகர்ந்துவிடுங்கள். அது தனிக் குற்றம், அதற்கும் அதிகபட்சம் 15 ஆண்டு, அதில் நண்பரும் சேர்ந்து போவார். அப்புறம் வேலை இழப்பு. லே-ஆஃப் ஆனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அது முடிந்து வேறு வழியில்லாமல் தங்கிவிட்டால் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்கான வேறு உட்பிரிவுக்குப் போய்விடுவீர்கள், அங்கே வேட்டை லைசன்ஸ் விதிவிலக்கு கிடையாது. இந்த வித்தியாசத்தைத் துப்பாக்கிக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், உங்கள் கம்பெனி வக்கீலும் சொல்ல மாட்டார்.

"நான் நாயை மட்டும் நடத்துகிறேன், துப்பாக்கி தொடவே மாட்டேன்" என்று நினைத்தாலும் லைசன்ஸ் எடுத்துவிட்டே போங்கள். முள்கம்பி வேலி ஒன்று குறுக்கே வரும். பெரியவர் தோட்டாவைக் கழற்றிவிட்டு, "ஒரு நிமிஷம் பிடிப்பா" என்று துப்பாக்கியை நீட்டுவார். பாதுகாப்பு வகுப்பில் சொல்லித்தருவதும் அதைத்தான். உங்கள் கை தானாக நீளும்.

நாய் விஷயம். ஆறு வாரத்தில் தயார் என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நாயைப் பறவை முன்னால் பார்ப்பதற்கு முன் நாள் குறிக்க மாட்டார்கள். மற்றவர்கள் காட்டும் வீடியோவில், பறவை இருக்கும் இடத்தைக் காட்டி நாய் சிலைபோல நிற்கும். புல்லுக்குள் கூண்டில் ஒரு புறா இருக்கும், அது எங்கேயும் ஓடாது. ஃபெசன்ட் அப்படியா? நாய் மூக்கை நீட்டி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, குட்டை வாலை விறைத்து நிற்கும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பறவை புல்லடியில் முப்பது கஜம் ஓடியிருக்கும். நாயின் கண் உங்கள் பக்கம் ஒருமுறை திரும்பும், உடம்பு தளரும், நாலடி ஊர்ந்து போய் மறுபடி விறைக்கும். அந்த ஓட்டத்தைப் பின்தொடர்வதை ஓடுகிற பறவைதான் நாய்க்குக் கற்றுத்தரும், புறா கற்றுத்தராது. நாவ்டா என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது, இப்படிப்பட்ட நாய்களுக்காகவே. அதன் உள்ளூர்க் கிளை நடத்தும் பயிற்சி நாளுக்கு நாயோடு போய் நில்லுங்கள். அங்கே இருப்பவர்கள் உங்கள் நாயைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்வது அந்த ஆறு வாரத்தைவிடப் பயன்படும்.

ஒன்றை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். சத்தத்துக்குப் பழக்குவதாக நாயைத் துப்பாக்கி சுடும் கூடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். வெடிச்சத்தத்துக்கு ஒருமுறை மிரண்ட நாயைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. நாய் பறவையைத் துரத்தும் ஆவேசத்தில் இருக்கும்போது, நல்ல தூரத்திலிருந்து, சின்னச் சத்தமாகத் தொடங்க வேண்டும். அதையும் சங்கத்து ஆட்களை வைத்துச் செய்யுங்கள்.

இந்த அக்டோபரில், 12-ம் தேதியை ஒட்டிய சனிக்கிழமை சீசன் திறக்கும்போது, சுடுவது பெரியவரின் வேலையாக இருக்கட்டும். நாய் நின்று காட்டிய பறவையை மட்டும் சுடச் சொல்லுங்கள். தாழப் பறப்பதை எக்காரணம் கொண்டும் சுட வேண்டாம், பின்னாலேயே உங்கள் நாய் எகிறிக்கொண்டு இருக்கும். சேவல் மட்டும்தான், பெட்டையைச் சுடுவது சட்டவிரோதம். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு இரண்டு, டிசம்பரிலிருந்து மூன்று. இடுப்புக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் ஏதாவது அணிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் காரிலிருந்து இறக்குவதற்கு முன் நாயைத் தடவிப் பாருங்கள். விரலிடுக்கு, அக்குள், காது, உதட்டுக்குள் ஈறு. அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் கனடா வைல்ட் ரை என்ற புல் விதைத்திருப்பார்கள். அதன் கதிரில் உள்ள முட்கள் தோலையும் மூச்சுக்குழாயையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், தானாக வெளியே வராது. வாரக்கணக்கு கழித்து நாய் இருமினாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, விலாவில் வீக்கம் கண்டாலோ, அக்டோபரில் எந்தப் புல்லில் ஓடியது என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நகரத்து மருத்துவர் அதைக் கேட்க மாட்டார்.