புது ஷூ போட்டும் 1970களின் ட்ரையல்ஸ் பைக்கில் முன் டிரம் பிரேக் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ட்ரையல்ஸ் என்றால் பாறை, ஓடை, மேடுகளில் காலூன்றாமல் மெதுவாக ஓட்டும் போட்டி. அதற்கான பைக்கைப் பற்றி நீங்கள் சொல்வது இதுதான்: லீவர் கைப்பிடி வரைக்கும் வருகிறது, இழுத்தால் ரப்பரை அழுத்துவது போல இருக்கிறது, ஓடையில் இறங்கி ஏறினால் பிரேக்கே இல்லை. புது ஷூ மாட்டியும் மாற்றமில்லை. அடுத்த செட் ஷூ வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் உருளை, ஷூ அதன் உள்சுவரில் அழுந்தும் வளைந்த கட்டை. அந்தக் காலத்து டிரம் பிரேக்கில் கோளாறு பெரும்பாலும் ஷூவில் இருக்காது. ஷூ டிரம்மை எங்கே தொடுகிறது, உங்கள் விரலின் பலம் எவ்வளவு கேமுக்கு (திரும்பி ஷூக்களை விரிக்கும் பாகம்) போய்ச் சேர்கிறது, இந்த இரண்டில்தான் இருக்கும்.

முதலில் ஷூ தொடும் இடம். லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) முழுக்கச் சாக்பீஸால் தேய்த்துவிட்டு, பிளேட்டை (ஷூக்களைத் தாங்கும் தட்டு) மாட்டி, சக்கரத்தைச் சுற்றியபடி லேசாகப் பிரேக் பிடித்துப் பிறகு கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் வேலை செய்யும் இடம். கடையில் வாங்கிய ஷூவில் இது பல சமயம் ஒரு சின்னத் திட்டாக மட்டும் இருக்கும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் லைனிங்கின் வளைவு டிரம்மை விடச் சிறியது. இரண்டு முனைகளில் மட்டும் அழிந்திருந்தால் வளைவு பெரியது. சில இடம் மட்டும் தொடும்போது லீவரை அழுத்த அழுத்த ஷூவே வளைந்து கொடுக்கும். நீங்கள் சொல்லும் அந்த ரப்பர் உணர்வு பாதி இங்கிருந்து வருகிறது.

இதற்குச் சரியான வழி, ஷூவைப் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் விரித்து, ஆக்சிலை மையமாக வைத்து லேத்தில் கடைவது. டிரம்மின் உள் விட்டத்தை விட ஒரு துளி குறைவாக நிறுத்த வேண்டும். லேத் இல்லையென்றால் டிரம்முக்குள் உப்புத்தாளை ஒட்டி, பிரேக்கை மெல்லப் பிடித்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றலாம். மெதுவான வேலை, ஆனால் பலன் உண்டு. ஒன்று மட்டும் கண்டிப்பாக: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேய்க்க வேண்டாம், காற்றடித்து ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஷூ சரியாக இருந்தும் பிளேட் மையத்தில் உட்காராமல் போகலாம். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரை நன்றாக அழுத்திப் பிடித்து, அழுத்தியபடியே நட்டை இறுக்குங்கள். ஷூக்களே பிளேட்டை மையத்துக்குக் கொண்டு வந்துவிடும். காசு செலவில்லாத வேலை இது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது.

அடுத்தது கேபிள். ஒருவரை லீவரை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேபிளின் வெளிக்குழாய் நெளிகிறதா? முனைகள் அதனதன் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா? லீவர் நகரும்போது கீழே பிளேட்டில் கேமைத் திருப்பும் ஆர்ம் உடனே நகராவிட்டால் உங்கள் பலம் கேபிளிலேயே தீர்ந்து போகிறது. சுருங்காத வெளிக்குழாயும் கொஞ்சம் தடித்த உள்கம்பியும் போட்டாலே பைக் வேறு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஆர்மின் கோணம். பிரேக் பிடிக்கும் நொடியில் கேபிளும் ஆர்மும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் கேமைத் திருப்பும் பலம் குறைந்துகொண்டே போகும். ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் சரியாகும். ஆனால் தேய்ந்த ஷூவை மறைக்க இதைச் செய்யக் கூடாது. கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் ஷூ விரிந்த நிலையிலேயே சிக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். கைப்பிடி லீவரையும் பாருங்கள். லீவர் திரும்பும் திருகின் மையத்துக்கும் கேபிள் முனைக்கும் உள்ள தூரம் அதிகமானால் இழுக்கும் பலம் குறையும். வேறு வண்டியின் லீவரைப் போட்ட பைக்குகளில் இதைப் பார்க்கலாம்.

லீவர் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. லைனிங் கண்ணாடி போல மினுங்கும், அல்லது பேரிங் கிரீஸ் சீலைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். மினுமினுப்பை, புது லைனிங்காக இருந்தால் மட்டும், உப்புத்தாளால் எடுக்கலாம். எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்றத்தான் வேண்டும், கழுவினாலும் சூட்டில் மறுபடி கசியும். லீவர் கையில் துடித்தால் டிரம் வட்டமாக இல்லை. ஸ்போக்ஸ் இறுக்கம் சீராக இல்லாவிட்டாலும் டிரம் இழுபடும் என்பதால், ஸ்போக்ஸைச் சரிசெய்த பிறகே டிரம்மைக் கடையக் கொடுங்கள். அதிகபட்ச விட்டம் குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். டிரம்முக்குள் நீர் போவதை முழுதாகத் தடுக்க முடியாது. புது லைனிங்கில் ஹேக்சாவால் இரண்டு மூன்று சாய்ந்த கோடுகள் போட்டால் நீர் வெளியேற வழி கிடைக்கும். கேம் தண்டில் ஓரிங் (நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போடுங்கள். ஓடையை விட்டு ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

சிலர் இரண்டு ஷூவும் முன்னோக்கிப் பிடிக்கும் சாலை பைக் பிளேட்டைப் போடச் சொல்வார்கள். ட்ரையல்ஸுக்கு அது வேண்டாம். உங்கள் பிளேட்டில் ஒரு ஷூ சக்கரம் சுற்றும் திசையிலேயே இழுபட்டு அழுந்தும், மற்றது எதிராக இருக்கும். பைக் பின்னோக்கி உருளும்போது இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். அதனால் மேட்டில் பாதியில் நின்று பின்னால் சரியும்போதும் அதே பிடி கிடைக்கும். அந்த இன்னொரு பிளேட் அங்கே கைவிட்டுவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, இரண்டு விரலால் முன்னோக்கியும் பின்னோக்கியும் பிடித்துப் பாருங்கள். புது லைனிங் கொஞ்சம் ஓடிப் படிந்த பிறகு சாக்பீஸ் சோதனையை இன்னொரு முறை செய்து, பிளேட்டையும் மறுபடி மையப்படுத்துங்கள்.