தாராபுரத்தில் நின்ற லாரி, கையில் இருக்கும் இ-வே பில்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பிய பனியன் பெட்டிகள் தாராபுரம் தாண்டி லாரி பழுதாகி நிற்கின்றன. வேறு லாரிக்கு மாற்றினால் புது இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு) போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதே பில்லின் பகுதி 'பி'யில் புதிய வண்டி எண்ணைப் பதிந்தால் போதும். வண்டி நகர்வதற்கு முன்பே பதியுங்கள்.

எண்ணை டிரைவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாதீர்கள், நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒருமுறை 3-ஐ 8 என்று அடித்துவிட்டு, சோதனையில் வண்டியை நிறுத்திவிட, ஒட்டன்சத்திரம் பக்கம் இருட்டும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஓரிரு இலக்கப் பிழைக்கு 2018 ஜிஎஸ்டி சுற்றறிக்கைப்படி 1,000 ரூபாய் அபராதம்தான். போன நேரம்தான் பெரிய நஷ்டம்.

பில்லின் செல்லுபடிக் காலம்: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், உங்கள் தூரத்துக்கு இரண்டு நாள். போதாவிட்டால், காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் டிரான்ஸ்போர்ட்காரரே நீட்டிக்கலாம். அதைவிட அவசரம், கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நேரம். துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டை இப்போதே அழையுங்கள். பெட்டிகளை மாற்றும்போது தார்ப்பாய் விரித்து அடுக்கச் சொல்லுங்கள், மண் ஒட்டிய அட்டைப்பெட்டியை வாங்குபவர் சும்மா விடமாட்டார்.