பழைய கணினியில் ட்யூனர் போடலாமா, தனி ரெக்கார்டரே வாங்கலாமா?

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வேண்டும், அம்மாவும் பயன்படுத்துவார், கணினி சும்மா கிடக்கிறது, டிவி சிக்னலைக் கணினிக்குள் கொண்டுவரும் ட்யூனர் கார்டு மட்டும் வாங்கினால் போதுமே என்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் பதிவு செய்ய நினைப்பவை கட்டணச் சேனல்களா? அப்படியென்றால் அவை பூட்டப்பட்டே வரும், சாதாரண ட்யூனரில் படம் வராது. சேவைக்காரர் தரும் ரெக்கார்டர்தான் வழி. பேச்சே இல்லை.

இலவசச் சேனல்கள் என்றால் நான் கணினி பக்கம். காரணம், பதிவு உங்கள் கையில் இருக்கும். பல செட்டாப் பாக்ஸ்கள் பென்டிரைவில் பதிவு செய்தாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்படி பூட்டிவிடும். பெட்டி போனால் பதிவுகளும் போச்சு. எனக்கு இரண்டு வருடச் சேமிப்பு அப்படித்தான் போனது.

ஆனால் கணினியை அப்படியே விட முடியாது. ஒருமுறை இறுதிப்போட்டியைப் பதிவு செய்யப் போட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால் 11 நிமிடம்தான் இருந்தது, மீதி நேரம் அது அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது! தானாக ரீஸ்டார்ட் ஆவதை முதலில் நிறுத்துங்கள். ஸ்லீப்பில் இருந்து எழுந்து பதிவு செய்கிறதா என்று நாலைந்து நாள் சோதியுங்கள். லினக்ஸ் பழக்கமென்றால் டிவிஹெட்எண்ட் என்ற டிவி பதிவு மென்பொருளைப் போடுங்கள், இலவசம்.

இடமும் தேவைப்படும். 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் வரும் ஹெச்டி ஒளிபரப்பு மணிக்குச் சுமார் 3.6 ஜிபி பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சேனல் வேண்டுமென்றால் இரட்டை ட்யூனராக வாங்குங்கள்.

அப்புறம், அம்மாவும் பயன்படுத்துவார் என்றீர்களே, அவருக்கு ரிமோட்டில் ஒரே பட்டன் போதுமென்றால் தனிப் பெட்டியே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் தினமும் உங்களைத்தான் கூப்பிடுவார்.